ஓட்டுக்குள் 21 நாள்: அடைமுட்டை குறித்த வாசகர் கேள்விகள்

கோழிமுட்டையை வீட்டிலேயே பொரிக்க வைப்பது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஒருசேரப் படித்தபோது, ஏறக்குறைய எல்லோருடைய கவலையும் சூட்டைப் பற்றியதாகவே இருந்தது. சூடு முக்கியம்தான். ஆனால் நான் இத்தனை ஆண்டுகளாகக் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை, முட்டை என்பது மூச்சு விடுகிற ஓர் உயிர் என்பதை நாம் மறந்துவிடுவதால் நேர்ந்தவை. அந்த எண்ணத்தோடுதான் கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கடையில் வாங்கிய பத்து முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தேன். 21 நாள் கடந்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கரு அப்படியே இருந்தது. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் பராமரித்த விதத்தில் குறை எதுவும் இல்லை; அந்த முட்டைகளில் கருவே இல்லை. சாப்பாட்டு முட்டைக்கான பண்ணைகளில் பெட்டைக்கோழிகளைச் சேவல் இல்லாமல் தனியாகவே வளர்க்கிறார்கள். சேவல் சேராவிட்டாலும் பெட்டை முட்டையிடும். ஆனால் அது என்ன சூட்டில் வைத்தாலும் கூமுட்டையாகத்தான் முடியும். எட்டு அல்லது பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற கணக்கில் ஒன்றாக விட்டு வளர்க்கும் இடத்திலிருந்து முட்டை வாங்குங்கள். சேவலோடு சேர்ந்த பெட்டை, விந்தணுக்களைத் தன் உடலுக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு வாரம் வரை கருவுற்ற முட்டைகளை இடக்கூடியது; ஆகையால் சேவலை மாற்றியவர்கள், புதுச் சேவலின் குஞ்சுகள்தான் வேண்டும் என்றால் மூன்று வாரம் பொறுத்திருந்து அதன் பிறகு கிடைக்கும் முட்டைகளையே அடைக்கு எடுக்க வேண்டும்.

வாங்கும் இடத்தில் கருக்கூடுகிறதா என்று அறிய, ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து மஞ்சள் கருவின் மேற்புறத்தைப் பாருங்கள். அங்கே ஒரு வெண்புள்ளி இருக்கும். கருவுறாத முட்டையில் அது சிறியதாக, ஓரம் பிசிறிய திட்டாகத் தெரியும். கருவுற்ற முட்டையில் அதுவே சற்றுப் பெரிதாக, வட்டமாக, நடுவில் தெளிந்தும் சுற்றிலும் வெள்ளை வளையம் போட்டது போலவும் காணப்படும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு கண்ணுக்குத் தப்பாது.

கேள்வி: எங்களிடம் மூன்று பெட்டைகளே உள்ளன. ஒரு டஜன் முட்டை சேரும்வரை எப்படிப் பாதுகாப்பது? கழுவி, குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: கழுவவும் கூடாது, குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும் கூடாது. முட்டை வெளிவரும்போதே அதன் ஓட்டின்மீது மெல்லிய பூச்சு ஒன்று படிந்து காய்கிறது. ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே கிருமி நுழையாமல் காப்பது அதுதான். தண்ணீர் பட்டால் அந்தக் காவல் போய்விடும். எச்சம் அப்பிய முட்டையை அடைக்கு எடுக்காமல் விடுவதே நல்லது. கூட்டில் உலர்ந்த வைக்கோலை அடிக்கடி மாற்றுவது, முட்டையைச் சுத்தம் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

இட்ட கணத்திலேயே முட்டைக்குள் இருக்கும் கரு, பல்லாயிரம் உயிரணுக்கள் கொண்டதாக வளர்ந்திருக்கிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் அது உறங்கிப் போகிறது. அந்த உறக்கம் கலையாமல் காப்பதுதான் சேமிப்பு. 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான, ஓரளவு ஈரமுள்ள குளிர்ந்த இடம் ஏற்றது. அறைச் சூடு அதிகமானால் கரு அரைகுறையாக விழித்து, வளர்ந்தும் வளராமலும் வலுவிழக்கும். குளிர்பதனப் பெட்டியின் கடுங்குளிரிலோ அது மடிந்துவிடலாம். கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, ஏழு நாட்களுக்குள் அடை வைத்துவிடுங்கள்; அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். தொலைவிலிருந்து கொண்டுவந்த முட்டையாக இருந்தால், அகன்ற முனையின் உள்ளே குலுங்கிய காற்றறை நிலைகொள்ள அரை நாளாவது அசையாமல் வைத்திருங்கள். குளிரிலிருந்து எடுத்தவுடன் நேரே இன்குபேட்டரில் வைத்தால் ஓடு வியர்த்து நனையும்; சில மணி நேரம் அறைச் சூட்டில் வைத்த பிறகு உள்ளே வையுங்கள். எல்லா முட்டைகளையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: எங்கள் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. இன்குபேட்டர் வாங்குவதா, கோழியையே நம்புவதா?

பதில்: அடைக்கோழி இருக்கும்போது கருவியைத் தேட வேண்டியதில்லை. கூட்டை விட்டு எழாமல், கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிற கோழி உண்மையாகவே அடைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டு நாள் வேறு முட்டைகளை வைத்துச் சோதித்துவிட்டு, இரவில், இருட்டில், அடைமுட்டைகளை அதன் வயிற்றுக்கடியில் மெல்லத் தள்ளுங்கள். உடம்பால் மூட முடிகிற அளவுக்குத்தான் வைக்க வேண்டும். நடுத்தரக் கோழிக்குப் பத்து, பன்னிரண்டு போதும். வைப்பதற்கு முன் கோழிப்பேன் இருக்கிறதா என்று இறகுகளை விலக்கிப் பாருங்கள், ஏனென்றால் பேன் கடி தாங்காமல் பாதியில் அடையை விட்டு எழுந்துவிடும் கோழிகள் உண்டு. நாளுக்கு ஒருமுறை, இரைக்கும் எச்சமிடுவதற்கும் கால்மணி, இருபது நிமிடம் எழுந்து போகும். அந்தக் குளிர்ச்சியால் கருவுக்குக் கேடில்லை. மற்றக் கோழிகள் அதே கூட்டில் புதிதாக இட்டுவிட்டுப் போகும் முட்டைகளை அடையாளம் காண, அடைமுட்டைகளில் பென்சிலால் குறியிட்டு வையுங்கள்.

கேள்வி: மின்விசிறி இல்லாத பெட்டியில் பல்பு பொருத்தி, 37.5 டிகிரியில் வைத்தேன். 23ஆம் நாள்தான் இரண்டு குஞ்சுகள் சோர்ந்து வெளிவந்தன. மற்றவை உள்ளேயே இறந்திருந்தன. சூடு சரியாகத்தானே இருந்தது?

பதில்: நீங்கள் வைத்த 37.5 டிகிரி, விசிறி சுழன்று காற்றைக் கலக்கும் இன்குபேட்டருக்கான கணக்கு. விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலேறி, குளிர்ந்த காற்று அடியில் தங்கிவிடும்; ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே ஓரிரு டிகிரி வேறுபடும். ஆகவே அத்தகைய பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளக்கும்போது 38.3 முதல் 38.9 டிகிரி வரை இருந்தால்தான் முட்டையின் நடுவில் தேவையான சூடு கிடைக்கும். வெப்பமானியின் நுனி பெட்டியின் மேற்பக்கச் சுவரிலோ தரையிலோ இல்லாமல், முட்டையின் உச்சிக்குச் சமமாக நிற்க வேண்டும். சூடு தொடர்ந்து குறைவாக இருந்தால் பொரிப்பு 22, 23ஆம் நாட்களுக்குத் தள்ளிப்போகும். அதிகமாக இருந்தால் 19, 20ஆம் நாளிலேயே, தொப்புள் சரியாக மூடாத குஞ்சுகள் வெளிவரும். எந்த நாளில் பொரித்தது என்பதை எழுதி வைத்தால், அடுத்த முறைக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

வெப்பமானியே பொய் சொல்லவும் கூடும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி நாம் நாடும் இந்தச் சூட்டு வட்டாரத்துக்கென்றே செய்யப்பட்டது. ஒரு குவளையில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீரை எடுத்து, அதன் நுனியையும் இன்குபேட்டர் வெப்பமானியின் நீர் புகாத நுனியையும் ஒட்டினாற்போல் பிடித்து, இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். அந்த வேறுபாட்டை ஒரு சிறு காகிதத்தில் எழுதிப் பெட்டியின்மீதே ஒட்டிவிடலாம். பழைய எகிப்தில் மண் செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே சமயத்தில் பொரித்தார்கள். அந்தத் தொழில் வழிவழியாக வந்தவர்கள் வெப்பமானி இல்லாமலே, முட்டையைக் கண்ணிமைமேல் வைத்துச் சூடு பார்த்தார்கள். நமக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை என்பதால் கருவியைச் சரிபார்ப்பதில் சோம்பல் கூடாது.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். முட்டை முழுவதும் மூடியிருக்கிறதே, உள்ளே இருக்கும் குஞ்சு எப்படி மூச்சு விடுகிறது?

பதில்: அருமையாகக் கேட்டிருக்கிறாய், கண்ணா. ஓடு நமக்கு மூடியதாகத் தெரிகிறதே தவிர, அதில் ஏறத்தாழ பத்தாயிரம் நுண்துளைகள் இருக்கின்றன. கருவிலிருந்து புறப்படும் ரத்த நாளங்கள் மெல்லிய படலம் ஒன்றில் பரவி, 12ஆம் நாள் வாக்கில் ஓட்டின் உட்புறம் முழுவதும் ஒட்டிப் படர்ந்துவிடும். அந்தப் படலம்தான் அப்போதைக்கு நுரையீரல். துளை வழியே பிராணவாயு உள்ளே வருகிறது, கரியமில வாயுவும் நீராவியும் வெளியே போகின்றன. 60 கிராம் எடையுள்ள ஒரு முட்டை, 21 நாளில் சுமார் ஆறு லிட்டர் பிராணவாயுவை உள்ளே இழுத்து, நாலரை லிட்டர் கரியமில வாயுவையும் பதினொரு லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது.

நீர் வெளியேறிய இடத்தைக் காற்று நிரப்புவதால் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகும். ஏறத்தாழ 19, 20ஆம் நாளில் குஞ்சு தன் அலகால் அந்த அறையின் படலத்தைக் குத்திக் கிழித்து, வாழ்வில் முதன்முறையாக நுரையீரலால் மூச்சு விடும். அப்போது முட்டையைக் காதருகே வைத்தால் உள்ளேயிருந்து “கீச்” என்ற ஒலி கேட்கும். காற்றறையிலுள்ள காற்றும் போதாமல் போகும்போது, மேல் அலகின் நுனியில் உள்ள வெண்மையான சிறு கொம்பு போன்ற முட்டைப்பல்லால் ஓட்டை உடைக்கும். அந்தப் பல் பொரித்த சில நாளில் தானே உதிர்ந்துவிடும். உன் வீட்டில் குஞ்சு பொரித்தால், முதல் நாளே அலகு நுனியைக் கவனித்துப் பார்.

கேள்வி: ஈரப்பதம் 50 சதவீதம் என்கிறார் ஒருவர், 60 என்கிறார் இன்னொருவர், தண்ணீரே வேண்டாம் என்கிறார் மூன்றாமவர். போன முறை பன்னிரண்டில் ஏழு குஞ்சுகள் முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே இறந்துவிட்டன. யாரை நம்புவது?

பதில்: முழுதாக வளர்ந்து இறந்த குஞ்சைக் கையில் ஏந்திப் பார்த்த வேதனை எனக்கும் தெரியும். உங்கள் கேள்விக்கு என் பதில், அந்த மூவரையும் விட்டுவிட்டு முட்டையின் எடையை நம்புங்கள் என்பதே.

பொதுவாக முதல் 18 நாட்கள் 50 முதல் 55 சதவீதமும், கடைசி மூன்று நாட்கள் 65 முதல் 70 சதவீதமும் ஈரப்பதம் இருக்க வேண்டும் என்பது நல்ல தொடக்கக் கணக்கு. ஆனால் ஓட்டின் தடிமனும் துளைகளும் முட்டைக்கு முட்டை, கோழிக்குக் கோழி மாறுகின்றன. நமக்கு உண்மையில் வேண்டியது ஒரு குறிப்பிட்ட ஈரப்பதம் அல்ல. முட்டை இழக்க வேண்டிய நீரை இழக்கிறதா என்பதுதான். 18ஆம் நாளில் முட்டை தன் தொடக்க எடையில் 11 முதல் 14 சதவீதம் வரை குறைந்திருக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று போதும். வைக்கும் நாளில் பன்னிரண்டு முட்டைகளும் சேர்ந்து 660 கிராம் என்றால், 12 சதவீத இழப்புக் கணக்கில் 9ஆம் நாளில் சுமார் 620 கிராமும், 18ஆம் நாளில் சுமார் 581 கிராமும் இருப்பது சரி. 9ஆம் நாளில் 635 கிராம் இருந்தால் முட்டை போதிய நீரை விடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறிதாக்குங்கள். 605 ஆகிவிட்டது என்றால் உலர்ந்துகொண்டிருக்கிறது, கிண்ணத்தைப் பெரிதாக்குங்கள். இங்கே கவனிக்க வேண்டியது கிண்ணத்தின் அகலமே, ஆழம் அல்ல. காற்றோடு தொடும் நீர்ப்பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் ஈரம் ஏறும். நனைத்த பஞ்சுத் துண்டு ஒன்றைக் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தாலும் பரப்பு கூடும்.

இறந்த குஞ்சுகளே காரணத்தைச் சொல்லும். ஓட்டைத் திறந்தபோது உள்ளே ஈரமாக, குஞ்சு ஊதிப்போய், காற்றறை சிறியதாக இருந்ததா? அப்படியானால் ஈரம் மிகுந்து, மூச்சு விட இடமின்றி இறந்தது. படலம் காய்ந்த தாள் போல உடம்போடு ஒட்டிக்கொண்டு, குஞ்சு திரும்ப முடியாமல் இருந்ததா? அப்படியானால் ஈரம் போதவில்லை, அல்லது கடைசி நாட்களில் மூடி அடிக்கடி திறக்கப்பட்டது. நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தில் “உள்ளே தண்ணீர் வழிந்தது” என்ற வரி இருப்பதால், உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன். ஈரம் நிறைய இருந்தால் நல்லது என்று எண்ணி முதல் நாளிலிருந்தே கிண்ணத்தை நிரப்பி வைக்கும் பழக்கம்தான் இந்த இழப்புக்குப் பெரும்பாலும் காரணம்.

ஈரமானியைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் போலக் குழைகிற அளவுக்கு மட்டும் நீர் விடுங்கள், கரைந்து ஓடக்கூடாது. அதை ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஓர் இரவு முழுவதும் அசையாமல் வைத்தால், உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைகொள்ளும். கருவி 69 காட்டினால், அது ஆறு குறைத்துக் காட்டுகிறது என்று பொருள்.

காற்றுத் துளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரம் போய்விடுமோ என்று பயந்து அவற்றை அடைக்கிறவர்கள், குஞ்சு அதிகமாக மூச்சு வாங்கும் கடைசி நாட்களில் அதன் பிராணவாயுவைத்தான் அடைக்கிறார்கள்.

கேள்வி: நாளுக்கு எத்தனை முறை முட்டையைத் திருப்ப வேண்டும்? நான் வேலைக்குப் போகிறவள், பகலில் முடியாது.

பதில்: கையால் திருப்புவதானால் குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஐந்து முறை. காலையில் புறப்படும் முன், மாலையில் திரும்பியதும், படுக்கும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால், மிக நீண்ட இடைவெளியான இரவில் ஒரே பக்கம் தினமும் மேலே இருக்காது. ஒரு பக்கத்தில் பெருக்கல் குறியும் மறுபக்கத்தில் வட்டமும் பென்சிலால் போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. மையால் எழுதாதீர்கள், அது துளை வழியே உள்ளே இறங்கக்கூடும். ஒருமுறை வலப்புறம், மறுமுறை இடப்புறம் எனத் திருப்புங்கள். எப்போதும் ஒரே திசையில் உருட்டினால் மஞ்சள் கருவைத் தாங்கும் முறுக்கு நார்கள் பாதிக்கப்படும். திருப்பாவிட்டால் இளங்கரு மிதந்து மேலேறி ஓட்டின் உட்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் இதை ஒருநாளும் தவறவிட வேண்டாம். 18ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள், அதன் பிறகு குஞ்சு தானே தலையைக் காற்றறைப் பக்கம் கொண்டுவந்து வெளிவரும் நிலைக்கு அமைந்துகொள்ளும்.

கேள்வி: வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எப்போது? என்ன தெரிய வேண்டும்?

பதில்: 7ஆம் நாள் ஒருமுறை, 14ஆம் நாள் ஒருமுறை போதும். அறையை இருட்டாக்கி, பிரகாசமான சிறு டார்ச்சின் முகத்தில் முட்டையின் அகன்ற முனையை வைத்து, விரல்களால் ஒளி சிந்தாமல் மூடிக்கொள்ளுங்கள். உயிருள்ள முட்டை 7ஆம் நாளில் செவ்வொளியாகச் சுடரும். நடுவில் கரும்புள்ளி ஒன்று, அதிலிருந்து எல்லாத் திசைக்கும் சிலந்தியின் கால்கள் போல ரத்த நாளங்கள். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அந்தப் புள்ளி திடீரென ஒரு துள்ளு துள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிற காட்சி அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை நாள்வாரியாகத் திறந்து பார்த்து, மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் வெண்கருவில் ரத்தத் துளி போல இதயம் துடிப்பதை எழுதி வைத்தார்.

முட்டை முழுவதும் மஞ்சளாக, தெளிவாக ஒளிர்ந்தால் கருக்கூடவில்லை. நாளங்கள் இன்றி ஒரு செந்நிற வளையம் மட்டும் இருந்தால், கரு தொடக்கத்திலேயே இறந்துவிட்டது. இவற்றை எடுத்துவிடுங்கள், ஏனெனில் இறந்த முட்டை சூட்டில் அழுகி வெடித்தால் பக்கத்து முட்டைகளும் கெட்டுப்போகும். ஐயமாக இருந்தால் எடுக்காமல் மூன்று நாள் கழித்து மீண்டும் பாருங்கள். பழுப்பு ஓட்டு முட்டைகளில் தொடக்கத்தில் தெளிவாகத் தெரியாமல் போவதுண்டு. 14ஆம் நாளில் காற்றறை தவிர மற்றதெல்லாம் கறுத்திருக்கும். அன்று காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், அது வளர்வதை 18ஆம் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: மின்சாரம் நான்கு மணி நேரம் இல்லாமல் போனது. முட்டைகளை எறிந்துவிடுவதா?

பதில்: எறியாதீர்கள். கோழி எழுந்து போகும்போதும் முட்டை குளிரத்தானே செய்கிறது! மூடியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை முழுதாக அடைத்துவிடாமல், பெட்டியின்மீது கம்பளியைப் போர்த்துங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியை முட்டைகள் பெரும்பாலும் தாங்கிவிடும். பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போகலாம். நான்கைந்து நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குளிரைவிட அதிகச் சூடுதான் ஆபத்து. 40 டிகிரியைத் தாண்டினால் சில மணி நேரத்திலேயே எல்லாம் மடியக்கூடும். எனவே வெயில் விழும் சன்னலோரத்தில் இன்குபேட்டரை வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: 20ஆம் நாள் மாலை ஓட்டில் சிறு துளை விழுந்தது. மறுநாள் காலைவரை அப்படியே இருக்கிறது. குஞ்சு கீச்சிடுகிறது. ஓட்டை உடைத்து உதவலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு விடை எழுதும்போது என் முதல் இன்குபேட்டர் நினைவுக்கு வருகிறது. உங்களைப் போலவே நானும் ஓர் இரவு முழுதும் தவித்துவிட்டு, விடியற்காலையில் பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்து, துளையின் ஓரத்தை நகத்தால் கிள்ளினேன். இரண்டு சில்லுகள் எளிதாக வந்தன. மூன்றாவது சில்லோடு படலமும் கிழிந்தது. வெண்படலத்தின்மீது நூல் போலச் சிவப்புக் கோடு ஒன்று தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளியாகத் திரண்டது. குஞ்சை வெளியே எடுத்தபோது அதன் வயிற்றடியில் மஞ்சள் கரு உள்ளே போகாமல் பை போலத் தொங்கியது. அன்று மாலைக்குள் அது இறந்துவிட்டது. நான் அவசரப்பட்டு மூடியைத் திறந்ததில் ஈரம் வெளியேறி, பக்கத்தில் துளையிட்டிருந்த இன்னும் இரண்டு குஞ்சுகளுக்கும் படலம் காய்ந்து இறுகிப்போனது. மூன்று உயிர்களை என் அவசரம் கொன்றது என்று இன்றும் எண்ணுகிறேன்.

துளையிட்ட குஞ்சு சும்மா இருப்பதாக நமக்குத்தான் தோன்றுகிறது. ஓட்டின் உட்புறத்தில் படர்ந்த நாளங்களிலுள்ள ரத்தத்தை அது தன் உடம்புக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். படலத்தால் விட்ட மூச்சை நுரையீரலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு 12 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். அது முடிந்தபின், குஞ்சு உடம்பைத் திருப்பித் திருப்பி, அகன்ற முனையைச் சுற்றி ஓட்டை ஒரு தொப்பி போல வெட்டிக்கொண்டு, காலால் உந்தி வெளியே வரும். இந்தக் கட்டம் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

உங்கள் குஞ்சு துளையிட்டு ஓர் இரவுதான் ஆகிறது, கீச்சிடவும் செய்கிறது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். 24 மணி நேரம் கடந்தும் துளை பெரிதாகாமல், படலம் வெண்மை மாறிப் பழுப்பாகத் தோல் போல் காய்ந்திருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்தப் படலத்தை ஒற்றி ஈரமாக்கி, துளையைச் சிறிதளவு விரித்துவிட்டு உடனே மூடிவிடுங்கள். ஒரு பொட்டு ரத்தம் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். குஞ்சு இன்னும் தயாராகவில்லை.

கேள்வி: நீண்ட முட்டை சேவல், உருண்ட முட்டை பெட்டை என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையில்லை. முட்டையின் வடிவத்தை அதை இடுகிற கோழியின் உடலமைப்பு தீர்மானிக்கிறது. ஆணா பெண்ணா என்பது பெட்டையிடமிருந்து வரும் நிறப்புரியை (குரோமோசோம்) பொறுத்தது. அதை ஓட்டுக்கு வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஏறத்தாழ பாதிக் குஞ்சுகள் சேவலாகத்தான் இருக்கும். ஒரே இடத்தில் பல சேவல்கள் வளர்ந்தால் ஒன்றையொன்று குத்திக் கிழிக்கும். அவற்றை எங்கே, எப்படி வளர்க்கப் போகிறோம் என்பதை அடை வைக்கும் முன்பே யோசித்துவிட்டு, அதற்கேற்ற எண்ணிக்கையில் மட்டும் முட்டை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நேற்றிரவு ஐந்து குஞ்சுகள் பொரித்தன. இன்னும் நான்கு முட்டைகள் மீதமுள்ளன. பொரித்தவை பசியால் வாடுமே, உடனே வெளியே எடுத்து இரை வைக்கட்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு, இரையும் நீரும் இல்லாமல் இரண்டு, மூன்று நாள்கூடக் குஞ்சைத் தாங்கும். அடைக்கோழி கடைசி முட்டை பொரிக்கும்வரை கூட்டிலேயே காத்திருக்க முடிவது இதனால்தான். இறகு நன்றாக உலர்ந்து பஞ்சு போல் விரியும்வரை உள்ளேயே இருக்கட்டும். எடுப்பதானால் எல்லாவற்றையும் ஒரே முறையில், விரைவாக எடுத்துவிட்டு மூடுங்கள்.

மாற்றும் பெட்டியில் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி சூடு இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். விளக்கைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வைத்தால் குஞ்சுகளே தமக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும்: விளக்கடியில் நெருங்கிக் குவிந்து கத்தினால் குளிர்கிறது, ஓரங்களில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி, பெட்டியெங்கும் பரவித் திரிந்தால் சரியாக இருக்கிறது. தரையில் செய்தித்தாள் போட்டால் கால் வழுக்கி இரு பக்கமும் விரிந்து, நடக்க முடியாமல் போய்விடும். சொரசொரப்பான துணி விரியுங்கள். குஞ்சுகளைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைகள் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர், பிறகுதான் இரை. ஆழமில்லாத தட்டில் நீர் விட்டு, குஞ்சு விழுந்து மூழ்காதபடி கூழாங்கற்களைப் பரப்புங்கள். ஒவ்வொரு குஞ்சையும் உள்ளங்கையில் ஏந்தி, அலகின் நுனியை மட்டும் ஒருமுறை நீரில் தொட்டு எடுத்தால், அது தலையை மேலே தூக்கி விழுங்கும். அடுத்த முறை தானே தட்டைத் தேடிப் போகும்.